பால் ஊற்றியவருக்குக் கணக்கு உண்டு, பாட்டு எழுதியவருக்கு?

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

வ. புதுப்பட்டியில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டது என்னை அல்ல, தம் பேத்தியை. ஆனால் பதில் தெரியாமல் விழித்தவன் நான்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கத்தில் இருக்கிறது புதுப்பட்டி. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. நான் போனது சாயங்கால நேரம். பால் சங்கத்து வாசலில் தூக்குவாளியும் கேனுமாக ஆட்கள் நின்றார்கள். பெரியவருடன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேத்தியும் வந்திருந்தாள். கையில் செல்போன். "பாரதியாரைப் பற்றி இருபது வரியில் கட்டுரை வேண்டும்" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் இருபது வரியும் வந்துவிட்டன. நல்ல தமிழ்தான். குறை சொல்ல அதிகம் இல்லை.

பெரியவர் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"யாரும் சொல்லிக் குடுக்கல தாத்தா. எல்லாரும் எழுதி வெச்சதை அதுவே படிச்சுக்கிட்டதாம்" என்றாள் பேத்தி.

"சரி. எழுதி வெச்சவுகளுக்கு என்ன குடுத்தாக?"

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

பெரியவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் அவர் கேட்டதைத்தான் டில்லியிலும் அமெரிக்காவிலும் கோர்ட்டு ஏறிப் பெரிய பெரிய வக்கீல்கள் கேட்டிருக்கிறார்கள்.

மெஷின் படிக்கும் விதம்

ஏ.ஐ. என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன? செயற்கை அறிவு என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு கணக்கு யந்திரம் அது. அதற்குக் கோடிக்கணக்கான பக்கங்களைக் காட்டுகிறார்கள். பத்திரிகைச் செய்தி, கதை, பாட்டு, சமையல் குறிப்பு, வைத்தியக் குறிப்பு, ஜனங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட பேச்சு எல்லாம் அதில் அடக்கம். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று அது கணக்குப் போட்டுக்கொள்கிறது. போடப் போட, கேட்ட கேள்விக்கு மனிதன் எழுதுவது போலவே எழுத வந்துவிடுகிறது.

புத்தகத்தை அப்படியே அலமாரியில் அடுக்கி வைத்துக்கொள்வது போல அல்ல இது. படித்ததன் சாரம் எண்களாக மாறி உள்ளே கலந்து கிடக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாரம் எடுப்பதற்கு முன்னால், அந்தப் பக்கத்தை ஒரு முறையாவது நகல் எடுத்தாக வேண்டும். வழக்கு எல்லாம் அந்த நகலில்தான் ஆரம்பிக்கிறது.

புதுப்பட்டிக்குப் பக்கத்து ஊர் கூமாபட்டி. 2025-ம் ஆண்டு அந்த ஊர் வாலிபர் ஒருவர், தம் ஊர்த் தண்ணீரையும் பசுமையையும் செல்போனில் படம் பிடித்து, தம் ஊர்ப் பேச்சிலேயே பேசி வெளியிட்டார். தமிழ்நாடே பார்த்தது. பிளவக்கல் அணைப் பக்கம் வெளியூர் ஜனங்கள் வந்து கூடினார்கள். இந்த மாதிரிப் பேச்சும் பாட்டும் எழுத்தும் லட்சக்கணக்கில் செல்போன் வழியாக உலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் எதை மெஷின் எடுத்துக்கொண்டது, எதை விட்டது? போட்டவருக்குத் தெரியாது. கம்பெனிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். கேட்டால், தொழில் ரகசியம் என்கிறார்கள்.

படிப்பது குற்றமா?

கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது சரியல்ல.

"ஒரு பையன் நூலகத்துக்குப் போய் நூறு புத்தகம் படிக்கிறான். பிறகு சொந்தமாக ஒரு கதை எழுதுகிறான். அந்த நூறு பேருக்கும் அவன் பணம் கொடுக்கிறானா? எங்கள் மெஷினும் அப்படிப் படித்ததுதான்" என்பது அவர்கள் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நானும் நூலகத்தில் ஓசியில் படித்து வளர்ந்தவன்தான். ஆனால் நூலகம் அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தது. அது மட்டும் அல்ல. படித்து முடித்த பையன் ஒரே ஒரு ஆள். அவன் ஆயுசுக்கும் எழுதினாலும் நாலு அலமாரி நிறையாது. மெஷினோ ஒரே நேரத்தில் பத்து லட்சம் பேருக்கு எழுதிக் கொடுக்கிறது. சமையல் குறிப்பு எழுதிப் பிழைத்த அம்மாளின் குறிப்பைப் படித்துவிட்டு, அந்த அம்மாளின் கடைக்கு எதிரிலேயே கடை போடுகிறது. பிறகு அந்த அம்மாளைத் தேடி யார் வருவார்கள்?

நானும் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஆகையால் என் பேச்சில் கொஞ்சம் சுயநலம் இருக்கத்தான் செய்யும். வாசகர்கள் அதைக் கழித்துக்கொண்டே படிக்கலாம். கழித்தாலும் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டில்லி வழக்கு

நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டு வந்தது. ஒருவர் எழுதியதை அவர் அனுமதி இல்லாமல் அச்சிடவோ நகல் எடுக்கவோ கூடாது. எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு அந்த உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள மட்டும் சட்டம் வழி விட்டிருக்கிறது. மெஷின் படிக்கும் என்று 1957-ல் யாராவது நினைத்திருப்பார்களா?

2024-ம் ஆண்டு நவம்பரில், ஏ.என்.ஐ. என்ற செய்தி நிறுவனம் டில்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. சாட்ஜிபிடி என்ற மெஷினை நடத்தும் ஓப்பன் ஏ.ஐ. என்ற அமெரிக்கக் கம்பெனி, தன் செய்திகளை அனுமதி இல்லாமல் எடுத்து மெஷினுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டது என்பது புகார். எல்லோரும் பார்க்கும்படி வெளியில் கிடந்ததைத்தான் எடுத்தோம், அதுவும் நியாயமான அளவில்தான் என்றது கம்பெனி. எங்கள் கம்ப்யூட்டர்கள் இந்தியாவிலேயே இல்லையே, இங்கே எப்படி விசாரிக்கலாம் என்றும் கேட்டது. ஏ.என்.ஐ.யின் பக்கங்களை இனித் தொட மாட்டோம் என்றும் சொன்னது.

இனித் தொட மாட்டோம் என்பது சரி. முன்பே தொட்டது? புத்தகப் பதிப்பாளர்களும், பாட்டுக் கம்பெனிகளும், வேறு பத்திரிகைகளும் "எங்களையும் விசாரியுங்கள்" என்று அதே கோர்ட்டுக்குப் போனதற்கு அதுதான் காரணம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. ஆந்த்ரோபிக் என்ற கம்பெனியின் மீது எழுத்தாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூன் மாதம் நீதிபதி சொன்ன தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை மெஷினுக்குப் படிக்கக் கொடுத்தது குற்றமல்ல. ஆனால் திருட்டுப் புத்தகக் கிடங்குகளிலிருந்து எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டது தவறு என்றார். செப்டம்பரில் கம்பெனி 150 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. சுமார் 5 லட்சம் புத்தகங்கள். ஒரு புத்தகத்துக்கு 3,000 டாலர். நம் கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல்!

பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்த புத்தகங்களுக்குத்தான் அந்தப் பணம். விருதுநகரில் அச்சான தமிழ்ப் புத்தகத்தை அமெரிக்காவில் போய்ப் பதிவு செய்தவர் எத்தனை பேர்?

பாரதி பாட்டு யாருக்குச் சொந்தம்?

இந்தச் சண்டை தமிழர்களுக்குப் புதிதல்ல. புதுப்பட்டிப் பெண் கட்டுரை கேட்டாளே, அந்தப் பாரதியாரின் பாட்டுக்கே இது நடந்திருக்கிறது.

பாரதியார் 1921-ல் காலமானபோது வயது 38. வீட்டில் காசு இல்லை. இருந்தது எழுத்து மட்டும். அந்த எழுத்தின் உரிமை பிறகு கை மாறிக் கை மாறிப் போயிற்று. புத்தக உரிமை ஒரு பக்கம், இசைத்தட்டு உரிமை ஒரு பக்கம். இசைத்தட்டு உரிமை கடைசியில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. அவர் எடுத்த 'நாம் இருவர்' படம் 1947-ல் வந்தது. அதில் பாரதி பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பாடினார். பட்டி தொட்டி எல்லாம் அந்தப் பாட்டுத்தான்.

அடுத்த ஆண்டே டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். ஏவி.எம். தரப்பு விடவில்லை. உரிமை எங்களுடையது என்று வழக்கு வந்தது. சட்டப்படி பார்த்தால் அதில் தவறு சொல்ல முடியாது. செட்டியார் காசு கொடுத்து வாங்கியவர். ஆனால் ஜனங்களுக்கு மனசு கேட்கவில்லை. தேசத்துக்காகப் பாடியவன் பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி வாங்குவதா? அவ்வை டி.கே. சண்முகமும் எழுத்தாளர்களும் குரல் கொடுத்தார்கள்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சர்க்கார் பாரதியார் எழுத்தின் உரிமையை எடுத்துக்கொண்டது. அந்த ஏப்ரலில் ரெட்டியாருக்குப் பின் சென்னை மாகாணப் பிரதமராக வந்தவர் நம் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்காமல் சொல்லிக்கொள்ளும் விஷயம் அது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமைக்குப் பணம் வாங்கிக்கொள்ளாமலே விட்டுக்கொடுத்தார். பாரதியாரின் குடும்பத்தாருக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. பிறகு பாட்டு எல்லோருக்கும் சொந்தமாயிற்று. இன்று பாரதி பாட்டை யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம்.

இந்தக் கதையில் நான் பார்ப்பது இதுதான். பாட்டைப் பூட்டி வைக்கவில்லை, திறந்துவிட்டார்கள். ஆனால் திறப்பதற்கு முன்னால் உரிமைக்காரர் யார் என்று பார்த்தார்கள். பேசினார்கள். குடும்பத்தின் கையில் பணத்தைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த சர்க்கார்களும் அந்த வழியிலேயே போயின. பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. வாரிசுகளுக்குத் தொகை கொடுத்தார்கள். 2009-ல் பட்டியல் வந்தபோது கண்ணதாசன் குடும்பமும் சுந்தர ராமசாமி குடும்பமும் "எங்களுக்கு வேண்டாம், உரிமை எங்களிடமே இருக்கட்டும்" என்றன. அவர்கள் சொன்னபடியே உரிமை அவர்களிடம் இருந்தது.

வேண்டாம் என்று சொல்வதற்கு இடம் இருந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த விஷயத்தைப் பார்க்கலாம்.

டில்லி சொல்லும் வழி

2025 டிசம்பரில் மத்திய சர்க்காரின் தொழில் வர்த்தகத் துறை ஒரு யோசனையை வெளியிட்டது. அதற்கென்று அமைத்த குழு எழுதியது. முறையாகக் கிடைக்கும் எந்த எழுத்தையும் பாட்டையும் படத்தையும் ஏ.ஐ. கம்பெனிகள் படிக்க எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரிடமும் போய் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் மெஷினை வைத்துச் சம்பாதிக்கத் தொடங்கியதும் வருமானத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். ஒரு பொது அமைப்பு அதை வசூல் செய்து எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

பணம் கொடு என்று சொன்னதே பெரிய காரியம். ஜப்பானில் 2018-ல் சட்டத்தைத் திருத்தி, மெஷின் படிப்புக்கு ஏறக்குறைய கதவைத் திறந்தே விட்டுவிட்டார்கள். நம்மவர்கள் அப்படி விடவில்லை. நல்லது.

ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது. இந்த யோசனையில் 'வேண்டாம்' என்று சொல்ல எழுதியவருக்கு இடம் இல்லை. கண்ணதாசன் குடும்பத்துக்கு இருந்த மரியாதை நாளைக்கு எழுதப்போகிறவருக்கு ஏன் இருக்கக் கூடாது?

கேட்டுவிட்டுச் செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. செய்து காட்டியவர் இருக்கிறார். 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தில், காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ. கொண்டு ஏ.ஆர். ரகுமான் பாட வைத்தார். இரண்டு குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கினதாகவும், உரிய சம்பளம் கொடுத்ததாகவும் அவரே சொன்னார். செத்துப்போனவரின் குரலைப் பாட வைப்பது சரியா என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசட்டும். அது வேறு விஷயம். கேட்டார், கொடுத்தார். அதுதான் இங்கே முக்கியம்.

கலந்த பால்

"கோடிக்கணக்கான பேர் எழுத்து உள்ளே கலந்துவிட்டது. ஒரு பதிலில் யார் எழுத்து எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?" கம்பெனிக்காரர்கள் கடைசியாக எடுத்துப் போடும் ஆயுதம் இது. சாமானிய ஜனங்கள் இந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள்.

புதுப்பட்டிப் பால் சங்கத்து வாசலில் நின்றபோது எனக்கு இதற்குப் பதில் கிடைத்தது.

ஒரு வீட்டுப் பால் இரண்டு லிட்டர், இன்னொரு வீட்டுப் பால் ஐந்து லிட்டர். எல்லாம் ஒரே கேனுக்குள் போகின்றன. கலந்த பிறகு இது யார் பால் என்று அந்தப் பசுவே வந்தாலும் சொல்ல முடியாது. அந்தப் பால் எங்கேயோ போய்ப் பால்கோவாவாகவும் ஆகலாம், காப்பியாகவும் ஆகலாம். ஆனால் பால்காரருக்குப் பணம் வராமல் இருக்கிறதா? வருகிறது. எப்படி? கேனில் ஊற்றுவதற்கு முன்னால் அளக்கிறார்கள். கொஞ்சம் எடுத்துத் தரம் பார்க்கிறார்கள். எண்ணைக் கூப்பிட்டு அட்டையில் எழுதுகிறார்கள். கலக்கும் முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

கலந்த பின் பிரிக்க முடியாதுதான். யார் பிரிக்கச் சொன்னது? ஊற்றும்போது எழுதி வைக்கலாமே! இத்தனை கோடிப் பக்கத்தைப் படித்து அர்த்தம் சொல்லும் மெஷினுக்கு, எந்தப் பக்கத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு நோட்டுப் போட முடியாதா? ஐரோப்பாவில் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. எதையெல்லாம் மெஷினுக்குப் படிக்கக் கொடுத்தோம் என்ற சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்ற விதி அங்கே 2025 ஆகஸ்டு முதல் இருக்கிறது. சுருக்கம் போதாது, முழு அட்டை வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பாலும் சர்க்கரையும் எந்த ஊரிலும் உண்டு, யாரும் கிண்டலாம். ஆனால் அந்த ஊர்ப் பேரை ஒட்டி விற்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை. ஒரு தின்பண்டத்தின் பேருக்கே அந்தக் காவல் இருக்கிறது.

பூட்டவும் கூடாது

"அப்படியானால் தமிழில் எதையும் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள்" என்று சிலர் கோபமாகப் பேசுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இங்கிலீஷில் கடல் போல எழுத்து இருக்கிறது. தமிழில் அந்த அளவு இல்லை. இருப்பதையும் பூட்டினால் மெஷின் அரைகுறைத் தமிழ்தான் பேசும். நஷ்டம் யாருக்கு? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு. தாலுகா ஆபீசிலிருந்து வந்த கடிதத்தைப் போனிடம் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒரு தாய்க்கு நல்ல தமிழ் பேசும் மெஷின் வேண்டும்.

கொடுக்கிற மனசும் நம்மிடம் நிறைய உண்டு. 1998-ல் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். உலகமெங்கும் இருக்கும் தமிழர்கள், காசு வாங்காமல், பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடியதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது ஊருக்கே பொது. ஆனால் அந்தப் பாட்டுக்குப் போன வருஷம் ஒருவர் கண் விழித்து உரை எழுதிப் புத்தகம் போட்டிருந்தால், அந்த உரை அவருடையது. கோயில் பொதுவாக இருப்பதால் வாசலில் பூக் கட்டி விற்கிறவளின் பூவையும் சும்மா எடுத்துக்கொள்ளலாமா?

பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் பணம் என்று விதி வந்தால், பெரிய கம்பெனிகள் முதல் நாளே பதிந்துவிடும். கிராமத்தில் கும்மிப் பாட்டுக் கட்டும் அம்மாளுக்கு எந்த ஆபீஸ், எந்த ஜன்னல் என்று யார் சொல்வார்கள்? நூலகத்திலும் பஞ்சாயத்து ஆபீசிலும் தமிழில் ஒரு தாளை நீட்டி, "பேரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கிற ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் பணத்தைப் பிரித்தால் கேன் நிறையும், அட்டை காலியாகவே இருக்கும்.

இதை எல்லாம் அந்தப் பெரியவரிடம் என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பேத்தியின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கட்டுரைக்கு அடியில, யாரு யாரு எழுதுனதைப் படிச்சுச்சுன்னு பேரு போட்டுருக்கா பாரு கண்ணு."

அவள் விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மேலே போனாள், கீழே வந்தாள்.

"இல்ல தாத்தா."

அதற்குள் உள்ளே இருந்து அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். பெரியவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மடியிலிருந்து பால் அட்டையை எடுத்து, "தம்பி, எவ்வளவு போட்டுருக்காகன்னு சரியாப் பாத்துச் சொல்லுங்க. நேத்து எழுத்துக் கொஞ்சம் அழிஞ்சு போயிருக்கு" என்று என் கையில் கொடுத்தார்.